ஓர் உதைக்கு மூன்று பேர்

எங்கள் வேலையிடம் ஒரு சின்ன ஆய்வுகூடம். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது எங்கள் தொழில். என் பக்கத்து மேசைக்காரர் அமெரிக்க உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் ஒன்று விடாமல் பார்ப்பவர். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கோப்பியோடு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் சின்ன வயதில் பார்த்த காலத்தில் கிக்கர் ஓடிவந்தால் நெஞ்சு அடிக்கும். போகுமோ போகாதோ தெரியாது. இப்போது அவன் உதைக்க முதலே மூன்று புள்ளியைக் கூட்டிவிட்டுக் குசினிக்குப் போய்விடுகிறேன். இவர்களுடைய காலுக்கு என்ன நடந்தது?"

"காலுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை," என்றேன்.

"அப்படியென்றால்?"

ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் பதில் என்னிடம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. சுவிஸில், லோசான் பக்கத்து அணி ஒன்றில் பல வருடமாகக் கிக்கருக்குப் பந்து பிடித்துக் கொடுப்பவன் நான். அமெரிக்காவில் பெரிய மைதானங்களில் நடந்த மாற்றம் எங்கள் சின்ன மைதானத்திலும் நடந்தது. அங்கே அதற்கு ஒரு தலைமுறை எடுத்தது. இங்கே சில வருடங்களில் என் கண்முன்னே நடந்து முடிந்தது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயரில் உதை இருக்கிறதே தவிர, முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். நாலு முயற்சிக்குள் போதிய தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் நாலாவது முயற்சியில் ஓடாமல் உதைக்கலாம். இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவால், குறுக்குக் கட்டைக்கு மேலால் பந்து போனால் மூன்று புள்ளி. இதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் குனிந்து நின்று தன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்கு எறிவார். அவருக்குப் பெயர் ஸ்னாப்பர். இன்னொருவர் முழங்காலில் இருந்து அதைப் பிடித்து, நிலத்தில் நிறுத்தி, உச்சியை ஒரு விரலால் தாங்கிக்கொள்வார். அவருக்குப் பெயர் ஹோல்டர். அது நான். மூன்றாமவரான கிக்கர் ஓடிவந்து உதைப்பார். எதிரணியின் பெரிய உடம்புகள் எங்கள் மேல் வந்து விழுவதற்குள், ஒரு தும்மல் நேரத்தில் இந்த மூன்றும் நடந்து முடியவேண்டும். சனம் மூன்றாமவரை மட்டும்தான் பார்க்கும்.

நான் பிறந்து வளர்ந்தது லோசானை ஒட்டிய ரெனானில். எங்கள் வயதுத் தமிழ்ப் பெடியங்கள் எல்லோரையும் போல நானும் சாதாரண உதைபந்துதான் விளையாடினேன். எனக்கு ஓட்டம் போதாது. கை மட்டும் நல்லது. தூரத்திலிருந்து எதை எறிந்தாலும் பிடிப்பேன். பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு இந்த அணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கேயும் ஓட்டம் போதவில்லை. பெரும்பாலும் மைதானத்து ஓரத்தில் மாற்றாட்டக்காரர்களுடைய வாங்கில்தான் இருந்தேன். முழங்காலில் இருந்து பந்து பிடிக்கும் வேலையை ஒருவரும் விரும்பாததால் பயிற்சியாளர் அதை என்னிடம் தந்தார்.

அப்போதிருந்த கிக்கர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். உண்மையில் அவர் தடுப்பாட்டக்காரர். ஆட்டம் முழுக்க ஆட்களை இடித்து விழுத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, பந்துக்கு நேர் பின்னால் ஓடி, சப்பாத்தின் முனையால் குத்துவார். நல்ல நாளில் பந்து நேராகப் போகும். மழை பெய்து புல் சேறானால் அவருடைய தாங்கும் கால் வழுக்கும். அவர் உதைகளுக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்ததே இல்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போகும்போது நாலைந்து உதை உதைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அதனால் பயிற்சியாளர் நாலாவது முயற்சியிலும் ஓடத்தான் சொல்வார்.

"கிக் என்பது லொத்தர்," என்பார். "நான் லொத்தர் வாங்குவதில்லை."

வாத்தியார் முதுகு நோவென்று ஆட்டத்தை விட்டு நின்ற வருடம், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் குடிவந்தது. கணவர் ஜெர்மன் பேசும் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் பல வருடம் சமையல் வேலை செய்தவர். மனைவிக்கு லோசானில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததால் இருவரும் இங்கே வந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் அண்ணையும் அக்காவும். அண்ணை தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டிகளில் விளையாடியவர். தண்ட உதை கிடைத்தால் எந்தக் கழகமும் அவரைத்தான் தேடும் என்று ஊருக்குள் கதை.

ஒரு நாள் படிக்கட்டில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணை, ஒருக்கா வந்து எங்கட பந்தை உதைச்சுப் பாருங்கோவன்."

"அது ஆளையாள் இடிச்சு விழுத்துற விளையாட்டெல்லோ தம்பி? நான் அடுத்த நாள் அடுப்படியில நிக்கவேணும்."

"கிக்கரை இடிக்கேலாது. இடிச்சா அவையளுக்குத்தான் தண்டனை."

"சத்தியமாவோ?"

"ஓம்."

"அப்ப வாறன்."

வந்தார். பந்துக்கு நேர் பின்னால் நிற்காமல் இடப்பக்கமாக விலகி நின்று, சாய்வாக ஓடிவந்து, புறங்காலின் உள்பக்கத்தால் உதைத்தார். பந்து கம்பங்களுக்கு மேலால் போய், வேலியைத் தாண்டி, பின்னாலிருந்த தோட்டத் துண்டுகளுக்குள் விழுந்தது. அடுத்த உதை இடப்பக்கம் போனது. அதற்கடுத்தது இன்னும் இடப்பக்கம் போய், யாரோ ஒருவருடைய தக்காளிக் கன்றுகளுக்குள் விழுந்தது. பந்தை எடுக்கப்போன நான் அந்தத் தோட்டத்துக் கிழவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தேன்.

"பலம் இருக்கிறது," என்றார் பயிற்சியாளர். "எங்கே போகும் என்றுதான் தெரியவில்லை."

சனம் நினைப்பது போல, சாதாரண உதைபந்துக்காரர்கள் இந்த ஆட்டத்துக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சாய்வாக ஓடிவந்து உதைத்தால் காலின் பெரிய பரப்பு பந்தில் படும், இடுப்பின் வலுவும் சேரும். அது உண்மைதான். அது கதவைத் திறந்துவிட்டது. மிச்சத்துக்கு வேலை செய்யவேண்டியிருந்தது.

அண்ணை சில வாரங்களில் ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டார். பயிற்சியாளர் எல்லோரையும் ஒன்றாக ஓடவிடுவார், ஒன்றாக இடிக்கவிடுவார். கடைசியில்தான் உதை. அண்ணை நேரே போய்த் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்.

"எங்கள் குசினியில் சோஸ் செய்கிறவன் சோஸ் மட்டும்தான் செய்வான். மீன் பொரிக்கிறவனுக்கு உதவி செய்யச் சொல்லி அவனைக் கூப்பிட்டால் இரண்டும் பழுதாகும். எங்கள் மூன்று பேருக்கும் தனியாக நேரம் தாருங்கள்."

பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. அணி என்றால் எல்லோரும் ஒன்றாக வேர்க்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனாலும் அண்ணை கேட்ட விதத்தில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமைப் பின்னேரத்தை எங்களுக்கு விட்டுத்தந்தார். எங்கள் மைதானத்துக் கம்பங்களை வாரநாட்களில் கழற்றி வைத்துவிடுவார்கள். அதனால் பக்கத்து ரக்பி கழகத்தைக் கேட்டு அவர்களுடைய கம்பங்களைப் பாவித்தோம். அது செயற்கைப் புல். மழைக்கும் ஒன்றுதான், வெயிலுக்கும் ஒன்றுதான். அண்ணையின் தாங்கும் கால் ஒருநாளும் வழுக்கவில்லை.

எங்கள் ஸ்னாப்பர் பஸ் திருத்தும் பட்டறையில் வேலை செய்த ஒரு பெரிய மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். குனிவார், எறிவார், நிமிர்வார். என்னுடைய கைத்தொலைபேசியை ஒரு தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து ஒவ்வொரு உதையையும் படம் பிடித்தோம். படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. அண்ணையின் கால் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரித்தான் வந்தது. நான் பந்தை நிறுத்திய கோணம் ஒவ்வொரு தரமும் வேறு. பந்தின் ஒரு பக்கத்தில் தடித்த தையல் இருக்கும். கால் அந்தத் தையலில் பட்டால் பந்து கோணும். தையல் கம்பங்களைப் பார்த்தபடி இருக்கவேண்டும். பந்து ஒரு பக்கமாகச் சரியக்கூடாது. பல் செய்கிறவனுக்கு இதெல்லாம் விளங்காத விசயமில்லை. மயிரிழை உயர்ந்தாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும். அந்தக் கவனத்தை மைதானத்துக்கும் கொண்டுபோனேன். உதைகள் நேராகப் போகத் தொடங்கின.

அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் மெல்ல மெல்ல எங்களை அனுப்பத் தொடங்கினார். முதலில் கிட்டத்திலிருந்து. பிறகு கொஞ்சம் தூரத்திலிருந்து. அடிக்கடி போனதால் அண்ணைக்கு ஆட்டத்துக்குள் உதைப்பதும் செவ்வாய்க்கிழமை உதைப்பதும் ஒன்றாகிவிட்டன. உதை தவறினாலும் முகம் மாறாது. குசினியில் பழகிய பழக்கம் அது. ஒரு தட்டு பழுதானால் குப்பைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஓடரைப் பார்க்கவேண்டும், நின்று யோசித்தால் பின்னால் இருபது பேர் பசியோடு இருப்பார்கள் என்பார். எங்களுக்குள் நல்ல நம்பிக்கை வந்திருந்தது. எதிரணி எங்களைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நான் வீட்டில் பெருமையாகச் சொல்வேன்.

பிறகு பட்டறைக்காரருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. வார இறுதிகள் இனி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாழ்த்தி அனுப்பினோம். புதிதாக ஒரு ஸ்னாப்பர் வந்தார். தச்சுவேலை செய்பவர், பழையவரைவிட இளையவர், வலுக் கூடியவர். பந்து என் கைக்கு முன்னையைவிடக் கெதியாகத்தான் வந்தது. நாங்கள் கவலைப்படவில்லை.

முதல் ஆட்டத்தில் அண்ணை கிட்டத்திலிருந்த ஓர் உதையை வெளியே அடித்தார். அடுத்த ஆட்டத்தில் இரண்டை வெளியே அடித்தார். செவ்வாய்க்கிழமைகளிலும் பந்து வலதும் இடதுமாகப் போனது. அவர் ஓட்டத்தை மாற்றிப் பார்த்தார், சப்பாத்தை மாற்றிப் பார்த்தார், காலை வைக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்தோடும் இன்னும் மோசமானது. பயிற்சியாளர் மறுபடி நாலாவது முயற்சியில் ஓடச் சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டு, வயது ஒருவரையும் விடாது என்று மரியாதையாகச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. நான் படியேறிப் போனேன். அக்காதான் கதவைத் திறந்தா. அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அவர்தான் சமையல்.

"நான் இனி வாறதாயில்லை தம்பி," என்றார், தலையை நிமிர்த்தாமல். "வேலையில ஞாயிற்றுக்கிழமையும் நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"கால் பிழையில்லை அண்ணை."

"ஆறுதலுக்குச் சொல்லாதை."

"நான் ஏன் ஆறுதலுக்குச் சொல்லுறன்? படம் இருக்கு, பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை வாங்கினா. இந்த விளையாட்டைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. போன வருடத்துப் படத்தையும் இந்த வருடத்துப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"இதில உங்கட தம்பி பந்தைப் பிடிச்ச உடன வைக்கிறார்," என்றா. "இதில பிடிச்சிட்டு எதையோ திருகிறார். ஏன் திருகிறார்?"

வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது.

நானும் அப்போதுதான் கண்டேன். பழைய ஸ்னாப்பர் எறிந்தால் பந்து சுழன்று வந்து என் கையில் சேரும்போது தையல் தானாகவே முன்னுக்கு இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் சேர்ந்து பழகியபிறகு ஒரே விசை, ஒரே சுழற்சி. எனக்கு அதைத் திருப்பவேண்டிய தேவையே வரவில்லை. புதியவருடைய பந்து கடைசிக் கால்வாசிச் சுற்றைச் சுழல முதலே என் கைக்கு வந்துவிடுகிறது. நான் நிறுத்தும்போது அதைத் திருப்புகிறேன். அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்கு அண்ணை ஓட்டத்தில் தயங்குகிறார். தயங்கிய கால் பந்தில் சரியாகப் படாது.

அண்ணை கத்தியை வைத்துவிட்டு வந்து படத்தைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"அப்ப அவரை மாத்தி எறியச் சொல்லவேணும்," என்றார்.

"இல்லை அண்ணை. அவர் ஒரே மாதிரித்தான் எறியிறார். அதை நாங்கள் குழப்பக்கூடாது. நான் ஒரு எட்டுப் பின்னுக்குப் போய் இருக்கிறன். அந்தக் கால்வாசிச் சுற்று ஒரு எட்டுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஒரு எட்டுத் தூரம் கூடுமே."

"உங்கட காலுக்கு அது ஒரு தூரமோ?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தார். நான் வழமையான இடத்திலிருந்து ஓர் எட்டுப் பின்தள்ளி முழங்காலில் இருந்தேன். தச்சர் குனிந்து எறிந்தார். பந்து என் கைக்குள் வந்தபோது என் விரல்கள் தையலைத் தேடின. அது முன்னுக்கு இருந்தது. வைத்தேன். அண்ணை தயங்கவில்லை. பந்து கம்பங்களுக்கு நட்ட நடுவால் போனது. இன்னொன்று எறியச் சொன்னோம். இன்னொன்று. தச்சருக்கு நாங்கள் ஏன் இவ்வளவு சந்தோசப்படுகிறோம் என்று விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும், "என்னிடம் முதலே சொல்லியிருக்கலாமே," என்றார்.

எங்களுக்கு விளங்கிவிட்டது. பயிற்சியாளருக்கு விளங்கவேண்டுமே. அவர் செவ்வாய்க்கிழமைகளில் வருவதில்லை. நான் படத்தை அனுப்பினேன். "நல்லது" என்று ஒரு சொல் பதில் வந்தது. ஆட்டங்களில் அவர் தொடர்ந்து ஓடத்தான் சொன்னார்.

பேர்ண் பக்கத்து அணியோடு அவர்களுடைய செயற்கைப் புல் மைதானத்தில் ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் பருவம் முடிந்தது. காலையிலிருந்து மழை. கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு புள்ளியால் பின்னுக்கு நின்றோம். நாலாவது முயற்சி. ஓடிப் பிடிக்கவேண்டிய தூரம் அதிகம். உதைப்பதென்றால் அண்ணை அந்த அணிக்காக அதுவரை ஆட்டத்தில் உதைத்ததைவிடத் தூரம். பயிற்சியாளர் ஓடுகிறவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். வாங்கில் இருந்து பழகிய ஆள், அவரோடு எதிர்த்துக் கதைத்ததில்லை.

"எங்களை அனுப்புங்கள்," என்றேன்.

"தூரம்."

"தெரியும். நாங்கள் இதைவிடத் தூரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அடிக்கிறோம். இதே மழையில். இதே மாதிரிப் புல்லில்."

அவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்ற அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கையைக் காட்டினார். போங்கள் என்று அர்த்தம்.

நான் முழங்காலில் இருந்து, பந்து வைக்கும் இடத்தை உள்ளங்கையால் துடைத்தேன். அண்ணை பின்னுக்குப் போய், பக்கத்துக்குப் போய், தன் இடத்தில் நின்றார். எதிரணிக்காரர்கள் கத்தினார்கள். அது ஜெர்மன் மொழியில் இருந்ததால் அண்ணைக்கு இன்டர்லாக்கன் குசினி ஞாபகம் வந்ததாம், பிறகு சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். தலையாட்டினார். கையைத் திறந்தேன். பந்து வந்தது. தையல் முன்னுக்கு. வைத்தேன். விரலுக்குக் கீழிருந்து பந்து போன உணர்வு மட்டும்தான் எனக்கு. பிறகு யாரோ என்மேல் விழுந்தார்கள். சேற்று நாற்றமில்லாத, ரப்பர் மணக்கும் மழைத்தண்ணீர் என் வாய்க்குள் போனது. நான் நிமிர்ந்து பார்க்க முதலே அண்ணை என்னைத் தூக்கி நிறுத்த வந்துவிட்டார். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கால் பட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று புள்ளி என்று காட்ட நடுவர்கள் இரண்டு பேரும் கைகளை மேலே தூக்கினார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பயிற்சியாளர் வந்து எங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை தானும் வரலாமா என்று கேட்டார். வந்தார். அதற்குப் பிறகு வராமல் விட்டது குறைவு.

அடுத்த சுற்றில் தோற்றோம். எங்கள் உதைகளால் இல்லை.

இரண்டு பருவத்துக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழக மாணவன் அணிக்கு வந்தான். வேறு எந்த இடத்திலும் விளையாடாதவன். பள்ளிக்கூட வயதிலிருந்தே கிக் மட்டும் பழகியவன். கோடை விடுமுறைகளில் கிக்கர்களுக்கென்றே நடக்கும் முகாம்களுக்குப் போனவன். அமெரிக்காவில் இருக்கும் ஒரு பயிற்றுநருக்குத் தன் படங்களை அனுப்பித் திருத்தம் கேட்கிறவன். அண்ணை முப்பது வயதுக்கு மேல் தக்காளித் தோட்டத்துக்குள் அடித்து அடித்துக் கண்டுபிடித்த எல்லாம் அவனுக்கு ஆரம்பப் பாடம். இருவரையும் மாறி மாறி உதைக்க வைத்தார் பயிற்சியாளர். இருவருக்கும் நான்தான் பிடித்தேன். என் விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது. அண்ணைக்கும் தெரிந்தது.

பயிற்சியாளர் முடிவைச் சொல்லச் சங்கடப்பட்டார். அண்ணைதான் போய்ச் சொன்னார், அவனைப் போடுங்கள் என்று. பயிற்சியாளர் பதிலுக்கு ஒன்று கேட்டார். உதைக்கிற பகுதி முழுவதையும், ஸ்னாப்பர், ஹோல்டர், கிக்கர் மூன்று பேரையும், அண்ணை பொறுப்பெடுத்துப் பார்க்கமுடியுமா என்று. அப்படி ஒரு பொறுப்பு எங்கள் அணியில் அதுவரை இருந்ததில்லை.

அண்ணை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றைக்கு நான் மேல்மாடியில்தான் சாப்பிட்டேன்.

"உதைக்கத் தேவையில்லையோ?" என்று அக்கா கேட்டா.

"இல்லை. பாக்கிறதுதான் வேலை."

"அப்ப முழங்கால் நோவெண்டு எனக்குச் சொல்லமாட்டியள். போங்கோ."

பக்கத்து மேசைக்காரருக்கு இவ்வளவையும் சொல்லி முடிக்க அந்த வாரத்துக் கோப்பி நேரம் முழுக்கப் போனது. வெள்ளிக்கிழமை அவர் கேட்டார், அந்த மாணவன் எப்படி என்று. நல்லவன், உதை தவறமாட்டான் என்றேன். வந்து பார்க்கலாமா என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, கம்பங்களுக்குப் பின்னால் மட்டும் நிற்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.